அரை மில்லிமீட்டர்

செந்தூல் அடுக்குமாடி, பதினோராவது மாடி.
எதிர்வீட்டார் கழற்றி வீசிய கதவொன்று
இரண்டு இஸ்திரி மேசைகள்மேல் மல்லாந்து கிடக்கிறது.
கைப்பிடி இருந்த ஓட்டையில் ஏரி.
ஏரியைச் சுற்றி
ஒன்பது மில்லிமீட்டர் அகலத்தில் இருப்புப்பாதை.

குன்றுகளெல்லாம் பல்வார்ப்புச் சாந்து,
வேலையிடத்தில் மிஞ்சியது.
மூன்றாவது குன்றின் பச்சையைச் சுரண்டினால்
யாரோ வாங்க வராத ஒரு கீழ்த்தாடை.
பகலில் நான் பொய்ப்பல் செய்கிறவள்.

வளையத்தில்தான் தொல்லை.
போன ரயில் திரும்பி வர வளையம் வேண்டும்.
சுற்றி வரும்போது இடது தண்டவாளம்
வலதின் எதிரே வந்து நிற்கும்.
தொட்டுக்கொண்டால் போச்சு, மொத்த ஊரும் அணையும்.
அதனால் அங்கே வெட்டி
ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டிருந்தேன்.

ஞாயிறு பகல் முழுக்க ஓடியது,
ஏழு பெட்டிகளை இழுத்துக்கொண்டு.
நள்ளிரவு தாண்டி
வளைய வாயிலில் முகப்பு விளக்கு
ஒருமுறை இமைத்தது, செத்தது.
பெட்டியில் சிவப்பு.

சக்கரங்களைச் ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
கதவுக்கடியில் மல்லாந்து படுத்து,
டார்ச்சைப் பல்லில் கடித்து,
பதினாறு கம்பிகளைக் கழற்றி மாட்டினேன்.
ஈயத்துளி ஒன்று மணிக்கட்டில் விழுந்து
இன்னும் அங்கேயே இருக்கிறது, தழும்பாக.
மீட்டர் காலையில் ஊமை;
இரவில் கீச்சென்று கத்தும்.
பதினொரு நாள்.

தயாளன் கொமுட்டர் ஓட்டுகிறவர்.
வீட்டிலுமா ரயில் என்று
இந்த அறையைப் பக்கவாட்டில் நடந்தே கடப்பார்.
கேட்டதற்கு வாசலில் நின்றபடி சொன்னார்:
"வெயில்தான். இரும்பு நீளும்.
மத்தியானத்துல எங்களையே மெதுவாப் போகச் சொல்லுவாங்க."
"மத்தியானம் ஓடுதே. ராத்திரிதான் சாகுது."
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப அது ரயில் இல்லலா, கழுதை."
மூன்றரைக்கு எழ வேண்டியவர், தூங்கப் போனார்.

பன்னிரண்டாம் இரவு
கைப்பையில் நீலத்தாள் இருந்தது.
புதுப்பல் எங்கே இடிக்கிறதென்று
கடித்துப் பார்க்கக் கொடுக்கும் தாள்.
ஒவ்வொரு வெட்டிலும் நுழைத்துப் பார்த்தேன்.
முதலாவதில் போயிற்று. இரண்டாவதில் போயிற்று.
வளைய வாயிலில் போகவில்லை.
அங்கே ஒன்றையொன்று
கடித்துக்கொண்டிருந்தன தண்டவாளங்கள்.

கதவு!
அதுவும் மரம்தானே.
பகலெல்லாம் இந்த ஊரின் ஈரத்தைக் குடித்துப் பருக்கிறது.
எட்டு மணிக்கு நான் வந்து
வியர்வை பொறுக்காமல் ஏர்கோன் போட,
வறண்டு வறண்டு சுருங்குகிறது.
உலோகம் அப்படிச் சுருங்காது.
காலடியில் நிலம் குறைய,
வேறு போக்கிடமில்லாமல்
அவை நெருங்கி வந்திருக்கின்றன.

பல்லறுக்கும் வைர வட்டால் மறுபடி வெட்டினேன்.
காலாவதியான டச் அண்ட் கோ அட்டையில்
அரை மில்லிமீட்டர் சீவல்.
தொட்டுப் போவதற்கென்றே பிறந்த அட்டை,
தொடவிடாமல் இருக்க
நடுவில் பசை வைத்து ஒட்டினேன்.
அரம் போட்டு வழித்தேன்.
ஏர்கோன் பதினாறில்.

போனது.
வளையம் சுற்றித் திரும்பி
என் முகத்தை நோக்கியே வந்தது.
கைதட்ட நினைத்தேன். சுவருக்கு அப்பால் தூக்கம்.

மூன்றே முக்காலுக்குச் சீருடையோடு அறைக்குள் வந்தார்,
முதல்முறையாக நேராக நடந்து.
குனிந்து பார்த்தார்.
என்னைக் கேட்காமல் திருகியைப் பிடித்து
வாயிலுக்கு முன்பே வேகத்தைத் தணித்தார்.
அந்த விரல்களுக்கு அது பழக்கம் போலும்.

அவர் போன பிறகு பார்த்தேன்:
வெட்டின் ஓரத்தில் ஒரு பல்குச்சி நட்டிருந்தது,
நுனியில் மஞ்சள் தாள்,
பேனாவில் 10.

நேற்றிலிருந்து இரண்டாம் கிளைப்பாதை திரும்ப மறுக்கிறது.
மோட்டாரைத் திறந்தேன்.
எறும்பு, முட்டைகளோடு.